ஒடஞ்ச அரிசி

எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து நொய்க்கஞ்சி வைத்தார்கள் என்றால் யாரோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்று பொருள். நெல்லை அவித்தவர், காயவைத்தவர், மில்லில் அரைத்தவர், இந்த மூன்று பேரில் ஒருவர். அந்தத் தப்பு நொய்யாக, அதாவது உடைந்த அரிசியாக, மூட்டையோடு மூட்டையாக வீட்டுக்குள் வந்து, முறத்தில் கொழிக்கும்போது முழு அரிசியை விட்டுப் பிரிந்து, கூடத்து மூலையில் இருந்த பழைய தகர டின்னில் போய் உட்கார்ந்துகொள்ளும். டின் சீக்கிரம் நிரம்பினால் அப்பாயியின் முகம் சுருங்கிவிடும். எனக்கும் தம்பிக்கும் அன்றிலிருந்து கொண்டாட்டம்தான். சோறு வேண்டாம், கஞ்சி போதும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளாக இருந்தோம்.

நீடாமங்கலத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கோரையாற்றங்கரையில் எங்கள் ஊர். கல்லணையில் காவிரியை விட்டுப் பிரிகிற வெண்ணாறு, மூணாறு தலைப்புக்கு வந்ததும் இன்னொரு தரம் மூன்றாக உடைகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் ஊரில் பாதிப் பேர் மதகுக்கும் வீட்டுக்குமாக நடந்து கால் தேய்ந்திருப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாப்பாடு என்று யாராவது பேச்செடுத்தால் கும்பகோணம் டிகிரி காப்பி, கடப்பா, திருவையாறு அசோகா என்று ஆரம்பிப்பார்கள். எனக்கும் அவற்றோடு பகை கிடையாது. ஆனால் அதெல்லாம் பஸ் ஏறிப் போய்ச் சாப்பிடுகிற சமாசாரம். வீட்டில் தின்றது வேறு. நல்ல அரிசியில்கூட நல்லதை விற்றுவிட்டு, மிச்சத்தைத் தின்று வளர்ந்த வீடு எங்களுடையது. நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வந்து அந்தக் களஞ்சியத்தின் அடிச்சல்லடையில் விழுந்ததைச் சாப்பிடுவோம்.

12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. அப்பா வாயில் எப்போதும் இந்தக் கணக்குதான் ஓடும். மரக்காலுக்குக் குறுணி என்றும் பேர் உண்டு. உடைந்த அரிசிக்குக் குருணை என்றும் பேர் உண்டு. "ஒரு குறுணி போட்டுவிடு" என்று அப்பா சொன்னதற்கு நான் கோழிக்குப் போடுகிற குருணையை ஒரு கை அள்ளிக்கொண்டு போய் நின்றேன். கூலி வாங்க வந்தவர்களும் அப்பாவும் சேர்ந்து சிரித்தார்கள். இன்றைக்கும் வல்லின றகரமா இடையின ரகரமா என்று சந்தேகம் வந்தால் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் முதலில் காதில் விழும்.

நெல் அவிப்பதைப் பார்த்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலமே சிமெண்டுத் தொட்டியில் நெல்லை ஊறப்போட்டுவிடுவார்கள். மறுநாள் விடியற்காலம் நாலு மணிக்குக் கொல்லையில் அடுப்பு மூட்டுவார்கள். விறகுக்குக் காசு போடுவதில்லை. உமி, கருக்காய், தென்னை மட்டை, எது கிடந்ததோ அது. கொப்பரையில் ஆவி கட்டி, நெல் வாய் பிளக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். அந்த வாசனையை நான் வேறு எதிலும் கண்டதில்லை. ஈர வைக்கோல், பால், கொஞ்சம் மண், கொஞ்சம் புளிப்பு, இப்படி எதை எதையோ அடுக்கினாலும் வந்து சேரவில்லை. அடுப்பின் பக்கத்தில் குந்தியிருந்தால் தலைமுடி வரைக்கும் ஏறி, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுருக்குவாள்.

அவிப்பது பாதி வேலைதான். காயவைப்பதில்தான் அரிசியின் தலையெழுத்து இருக்கிறது. சாணி மெழுகிய களத்தில் பரப்பி, வெறுங்காலால் வரி வரியாகத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். உச்சி வெயில் ஏறினால் அப்படியே விட்டுவிடக் கூடாது. கூம்பாகக் குமித்து, சாக்கைப் போட்டு மூடி, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி பரப்ப வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கிற ஈரம் மெதுவாக வெளியே வரும். ஒரே மூச்சாகக் காய்ந்தால் மேல்பக்கம் இறுகி, உள்ளே இழை இழையாக வெடிப்பு விழுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. மில்லில் போனதும் ஒன்று மூன்றாகும். பதம் பார்க்க அப்பாயி இரண்டு நெல்லை உரித்துக் கடைவாயில் கடிப்பாள். நசுங்கினால் ஈரம். "டக்"கென்று உடைந்தால் சரி. "டிக்"கென்றால் காய்ந்துபோய்விட்டது. டக்குக்கும் டிக்குக்கும் நடுவே இருந்த அந்த மயிரிழையை அவளுடைய நாலு பல் மட்டும்தான் அறியும். மிச்சப் பல் விழுந்த பிறகும் அந்த நாலும் விழவில்லை.

எனக்குப் பத்து வயது. பங்குனி மாதம். மன்னார்குடியில் ராஜகோபாலசாமிக்கு வெண்ணெய்த்தாழி. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் சாமிமேல் வெண்ணெய் அடிக்கக் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். முழுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள், துணைக்கு அத்தை மகள். களத்தில் மூன்று மூட்டை ஐ.ஆர். 20 காய்ந்துகொண்டிருந்தது. "இந்தா பாரு புள்ள, நெழலு காலடிக்கு வந்ததும் குமிச்சு மூடிரணும்" என்று அப்பாயி இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை படலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து சொன்னாள்.

நிழல் காலடிக்கு வந்தபோது நாங்கள் ஆற்றில் இருந்தோம். கோரையாற்றில் தண்ணீர் வடிந்து, மணல் திட்டு வெள்ளையாகக் கிடக்கும் காலம். மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, கலங்கலை இறைத்து இறைத்து, கண்ணாடி மாதிரி தண்ணீர் ஊறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் விளையாட்டு. யார் ஊற்று முதலில் தெளிகிறது என்று பந்தயம். திரும்பி வந்தபோது களத்து நெல் காலில் சுட்டது. குமித்தோம், மூடினோம், சாயங்காலம் ஒழுங்காகப் பரப்பியும் வைத்தோம். அப்பாயி வந்ததும் இரண்டு நெல்லைக் கடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து மில்லிலிருந்து அரிசி வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அப்போது ஹல்லர் மெஷின்தான். அது உமியை உரிக்காது, உரசித் தேய்க்கும். அதிலேயே கொஞ்சம் உடையும், அது எப்போதும் இருப்பதுதான். இந்தத் தடவை முறத்தை இரண்டு தட்டுத் தட்டியதுமே முன்பக்கம் முழுக்க நொய்யாக வந்து நின்றது. அப்பாயி இன்னொரு முறம் அள்ளினாள். அதுவும் அப்படித்தான். "மிசின இறுக்கிப்புட்டான் படுபாவி" என்றாள். அன்றிலிருந்து இரண்டு மாதம் அந்த மில்லுக்காரரைத் திட்டாமல் ஒரு வேளைக் கஞ்சியும் இறங்கவில்லை அவளுக்கு. நான் வாயைத் திறக்கவே இல்லை. என் தப்பை எல்லோரும் கும்பா கும்பாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அதிகம் குடித்தது நான்.

அந்தக் கஞ்சி எப்படி வைப்பார்கள் என்றால், முதலில் நொய்யை அரிக்க வேண்டும். முழு அரிசியில் கல்லைக் கண்ணால் பொறுக்கலாம். நொய்யில் கல்லும் நொய்யும் ஒரே அளவு, பொறுக்க முடியாது. தண்ணீர் ஊற்றிச் சட்டியைச் சாய்த்துச் சுழற்றினால் நொய் மேலே மிதந்து பக்கத்துச் சட்டிக்குப் போகும், கல் அடியில் நிற்கும். கடைசிக் கை நொய்யை ஆசைப்படாமல் கொட்டிவிட வேண்டும். ஆசைப்பட்டால் பல் போகும். பச்சைப்பயறு ஒரு கைப்பிடி, வெறும் சட்டியில் வாசனை வர வறுத்தது. வெந்தயம் அரைக் கரண்டி. உரித்த பூண்டு பத்துப் பல், நசுக்காமல் முழுசாக. கொஞ்சம் சீரகம். ஒரு பங்கு நொய்க்கு ஆறேழு பங்கு தண்ணீர். கொதி வந்ததும் பொங்கி வழியப் பார்க்கும், அகப்பையைக் குறுக்கே வைத்துத் தணலை இழுத்துவிட வேண்டும். உடைந்த வாய் வழியாகவே மாவுப்பசை இறங்கிவிடுவதால் கடையவே தேவையில்லை, தானாகக் குழையும். உப்பு கடைசியில். இறக்கி வைத்த பிறகு ஒரு முறித் தேங்காயின் முதல் பால்.

தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல். துவரம்பருப்பும் காய்ந்த மிளகாயும் சிவக்க வறுத்து, தேங்காய், பூண்டு, துளி புளி வைத்து அம்மியில் அரைப்பது. கெட்டியாக, பருப்பு நாக்கில் நரநரவென்று படுகிற மாதிரி. மையாக அரைத்துவிட்டால் அது சட்னி, எனக்குப் பிடிக்காது. அது இல்லாத நாளில் நார்த்தங்காய் ஊறுகாய். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து கூடைக்காரம்மா வந்துபோன வாரமாக இருந்தால் தணலில் சுட்ட கருவாடு. முதல் நாள் குழம்பு மிச்சம் இருந்து, அதைச் சட்டியோடு சுண்டவைத்திருந்தால் அதற்கு ஈடு கிடையாது. தம்பிக்கும் எனக்கும் சண்டை வருவது அந்தச் சட்டியை யார் வழிப்பது என்பதில்தான்.

கஞ்சியில் பயறு ஏன் என்று சின்ன வயதில் கேட்டதில்லை. பிறகுதான் யோசித்தேன். தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே பயறையும் உளுந்தையும் வீசிவிடுவார்கள். வயலில் மிச்சம் இருக்கிற ஈரத்திலும் பனியிலுமே அது முளைத்துவிடும், தனியாகத் தண்ணீர் கட்டுவதில்லை. நெல் அறுத்துப் போன தாளுக்கு நடுவே பச்சை தெரியும். பங்குனியில் நெல் அவித்துக்கொண்டிருக்கும்போது புதுப் பயறும் வீட்டுக்கு வந்துவிடும். ஒரே வயல், ஒரே ஈரம். யாரும் உட்கார்ந்து யோசித்து அந்தக் கஞ்சியில் பயறைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அப்போது வீட்டில் இருந்தது அது, அவ்வளவுதான். இப்போது அறுவடை மெஷினின் சக்கரம் முளைத்த பயறை நசுக்கிவிடுகிறது என்று பலர் வீசுவதையே விட்டுவிட்டார்கள். நானும் கடையில்தான் வாங்குகிறேன்.

டின்னில் சேர்ந்த நொய் முழுவதும் எங்கள் வயிற்றுக்கு வந்ததில்லை. கோழிக்குஞ்சுக்குக் கொஞ்சம், மாட்டுத் தொட்டிக்குக் கொஞ்சம். நெல் அவிக்கவும் புடைக்கவும் வந்த பெண்களுக்குக் கூலியோடு கொஞ்சம். அவர்களுக்கு அது கொல்லைவாசல் வழியாகத்தான் போகும். நான் கஞ்சிக்கு அடம்பிடித்ததை ஒரு நாள் அவர்களில் ஒரு ஆச்சி கேட்டுவிட்டு, "எங்க ஊட்டுப் புள்ளைவொ சோத்துக்கு அடம்புடிக்குது, இது கஞ்சிக்கு அடம்புடிக்குதே" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று, இதே டெல்டாவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நான் பிறப்பதற்குச் சில வருஷம் முந்தி. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கல்லூரியில்தான் படித்தேன். படித்த அன்று ஆச்சியின் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. நொய்க்கஞ்சியின் ருசியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

2018 நவம்பர் 16. கஜா புயல் அடித்துவிட்டுப் போன அன்று காலை, எங்கள் தெருவில் நிமிர்ந்து நின்ற தென்னை மூன்றோ நாலோ. கரண்டு வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. மாவு அரைக்க வழியில்லை, மிக்ஸி கிடையாது. துணி துவைக்கிற இடத்தில் படிக்கட்டாகக் கிடந்த அம்மியை நானும் தம்பியும் புரட்டிக் கழுவினோம். அந்த இருபது நாளும் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. விழுந்த மரத்தில் குலையோடு கிடந்தது. இருபது வருஷம் நின்று காய்த்த மரத்தின் கடைசிக் காயை உடைத்துத் துவையல் அரைத்தோம். அம்மா சாப்பிட்டுவிட்டு, "கையில அரச்சா ருசியாத்தான் இருக்கு" என்றாள். அதற்கு மேல் அந்தத் துவையலைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பத்தாயம் இருக்கிறது, நெல் இல்லை. உள்ளே பழைய மெத்தையும் பம்புசெட்டு ஒயரும் கிடக்கின்றன. மெஷின் அறுத்ததும் நெல் தார்ப்பாயில் இறங்கி, அங்கிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால் ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறோம். அப்பாயியின் கடைவாய்ப் பல் செய்த வேலையை இப்போது உள்ளங்கை அளவு மெஷின் ஒன்று செய்கிறது. டிக்கா டக்கா என்றெல்லாம் அதற்குக் கிடையாது, நம்பர்தான். தம்பி நெல்லைப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் கடையில் டீலக்ஸ் பொன்னி ஒரு சிப்பம் வாங்கிக்கொண்டு வருகிறான். அதில் உடைந்த மணி ஒன்றுகூட இருக்காது. உடைந்ததைச் சல்லடையும் கறுத்ததை சார்டெக்ஸ் என்கிற நிறம் பார்க்கும் மெஷினும் பொறுக்கி எடுத்துவிடுகின்றன. சோறு மல்லிகைப்பூ மாதிரிதான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். கைக்கு வேலை இல்லாததால் முறம் மட்டும் ஆணியில் தொங்குகிறது.

நொய்க்கஞ்சி ஆசை வந்தால் எல்லோரையும் போல நானும் அந்த அரிசியை மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவேன். தஞ்சாவூரில் என் வீட்டுக்கு அம்மா வந்திருந்தபோது அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். பயறு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், ஒன்றும் குறைவில்லை. அம்மாவுக்கு 79 வயது. இரண்டு வாய் குடித்துவிட்டுக் கும்பாவைக் கீழே வைத்தாள்.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கு. ஒடச்ச அரிசி வேற, ஒடஞ்ச அரிசி வேற."

கிழவிகள் இப்படி எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு யோசித்தால் அதில் விஷயம் இருக்கிறது. ஹல்லரில் விழுகிற நொய்யோடு தவிடும் ஒட்டியிருக்கும், அரிசியின் முனையில் இருக்கிற முளையும் உதிர்ந்து கலந்திருக்கும். அந்த லேசான எண்ணெய் வாசனையும் துளி கசப்பும் அதில்தான் இருந்தது. பாலீஷ் போட்ட அரிசியில் அதெல்லாம் மில்லிலேயே கழிந்துவிடுகிறது. வெறும் மாவுச்சத்தை உடைத்து வேகவைத்து, அதில் பழைய கஞ்சியைத் தேடியிருக்கிறேன்.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் வைத்திருக்கிற நாலைந்து பேருக்காக இன்னும் ஒரு ஹல்லர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, பக்கத்து ஊருக்கு ஸ்கூட்டியில் போனேன். நொய் வேண்டும் என்றதும் மில்லுக்காரர், "கோழிக்கா, அக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், எதற்கு வம்பு. யாரோ விட்டுவிட்டுப் போன இரண்டு கிலோவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆணியிலிருந்து முறத்தை எடுக்கச் சொன்னாள். தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பையை அவிழ்த்துக் கொட்டி, இரண்டு பக்கமும் அசைத்துக் கொழித்தாள். தவிடு அவள் புடவை மடியில் படிந்தது. ஒரு சிட்டிகை நொய்யை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வாயில் போட்டுக் கடித்தாள்.

"யாரு ஊட்டு நெல்லோ" என்றாள். "உச்சி வேளைக்குக் குமிக்காம உட்டுருக்குதுவொ."

நான் அடுக்களைக்குள் போய்ப் பயறு வறுக்கச் சட்டியை எடுத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கு ஆத்துல ஊத்து யாருக்கு மொதல்ல தெளிஞ்சுச்சு, ஒனக்கா அவளுக்கா?"